பூட்டிக்கிடக்கும் ஸ்டோரைத் திறந்து தாருங்கள்

பெருந்தோட்ட மற்றும் சமூக உட்கட்டமைப்பு அமைச்சர் அவர்களுக்கும், மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் போயிருக்கும் உறுப்பினர்களுக்கும், எங்கள் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் வணக்கம்.

நான் தையல்காரி. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில், டவுனிலிருந்து ஆட்டோவில் அரைமணி நேரம் ஏறிப்போகும் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறேன். பத்தொன்பது வயதில் கட்டுநாயக்காவுக்குப் போய் ஒன்பது வருடம் கார்மென்டில் (ஆடைத் தொழிற்சாலையில்) வேலை செய்தேன். அம்மா படுக்கையில் விழுந்ததும் திரும்பி வந்துவிட்டேன். கொலர் பிடிப்பது, பொக்கெட் வைப்பது, சிப் பூட்டுவது, ஓவர்லொக் அடிப்பது எல்லாம் தெரியும். கொழுந்தும் பறிக்கத் தெரியும். எங்கள் பள்ளத்தாக்கில் பூட்டிக்கிடக்கும் தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) பெண்கள் சேர்ந்து தைக்கும் இடமாகத் திறந்து தரக் கேட்கிறேன். இந்த விஷயத்தை என்னைவிடப் படித்த யாராவது எழுதுவார்கள் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். இனியும் காத்திருக்க மனமில்லாமல் நானே எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எங்கள் டிவிஷனில் 14 பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். கோவில் முற்றத்தில் மேடை போட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாங்கிய நாங்களும் அன்று இரவு தூங்கவில்லை. போன மாதம் வீடு வீடாகப் போய் அந்த 14 மெஷின்களையும் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு விற்றாகிவிட்டது. அதில் ஒன்று, பிள்ளையின் ஓ.எல். டியூஷன் காசுக்காகப் போனது. ஆறு மெஷின்கள் துணி போர்த்தி மூலையில் இருக்கின்றன. ஒன்றின் மேல் டிவி, இன்னொன்றின் மேல் சாமிப் படம். இரண்டு பழுதாகி நிற்கின்றன. ஓடுவது இரண்டுதான். ஒன்று என்னுடையது, மற்றது பக்கத்து லயத்து (வரிசை வீட்டு) தங்கச்சியுடையது. அவளும் கார்மென்டிலிருந்து திரும்பி வந்தவள்.

மற்றப் பன்னிரண்டு பேரையும் சோம்பேறிகள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விடிய நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் புள்ளைமடுவத்தில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்) விட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறிப் பறிக்கிறவர்கள் அவர்கள். நிறை குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்ற பயத்தோடு நாள் முழுவதும் மழையில் நிற்கிறவர்கள். ஏன் மெஷின் ஓடவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஒருத்தி, நூலுக்கும் பொத்தானுக்கும் அட்டன் போய்வரும் பஸ் காசிலேயே தையல் கூலி போய்விடுகிறது என்றாள். இன்னொருத்தி, ஓவர்லொக் இல்லாமல் தைத்த கவுன் இரண்டு தரம் துவைத்ததும் ஓரம் பிரிந்துபோய், வாங்கியவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள் என்றாள். பழுதான மெஷினைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போக ஆட்டோவுக்கும் திருத்தக்காரருக்கும் கொடுக்கிற காசைத் திரும்ப எடுக்க எத்தனை சட்டை தைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டவர்கள் இரண்டு பேர். ஒரு அக்கா சொன்னது எனக்கு மறக்கவில்லை: "மெஷின் வந்துச்சு. மெஷினுக்குப் பின்னால வரவேண்டிய எதுவும் வரலையே தங்கச்சி."

இந்தக் கடிதமே அந்த அக்கா சொன்னதைப் பற்றித்தான்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அரசு ஒவ்வொரு வருடமும் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. துணியாகத்தான் கொடுக்கிறது, தைத்துக் கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. எங்கள் பள்ளத்தாக்கின் எல்லாத் தோட்டங்களையும் சேர்த்தால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள்! அத்தனை பேருக்கும் பாடசாலை தொடங்குமுன் சட்டை தைத்தாக வேண்டும். சந்தை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, சந்தை எங்கள் லயத்து வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கூலியின் பெரும் பங்கு டவுனில் உள்ள கடைகளுக்குப் போகிறது. அவர்களிடம் ஓவர்லொக் இருக்கிறது, பொத்தான்துளை அடிக்கும் மெஷின் இருக்கிறது, கொழும்புப் புறக்கோட்டையில் கட்டுக்கட்டாக நூல் வாங்கும் வசதி இருக்கிறது. 14 மெஷின் வாங்கிய காசில் நான்கு மெஷின், ஒரு ஓவர்லொக், ஒரு வெட்டுமேசை, ஒரு நல்ல அறை என்று வந்திருந்தால், எங்களில் ஒருத்தி வெட்டியிருப்பாள், மூன்று பேர் மாறிமாறித் தைத்திருப்பார்கள், ஒருத்தி திருத்தக் கற்றிருப்பாள், ஒருத்தி மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போய்ச் சாமான் எடுத்து வந்திருப்பாள். கார்மென்டில் ஒரு சேர்ட் முடிய எத்தனையோ கை மாறும். எங்கள் லயத்தை 'லைன்' என்பது போல, அங்கே நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைக்கும் 'லைன்' என்றுதான் பெயர். அந்த லைனில் சேர்ந்து வேலை செய்து பழகியவர்களை, திரும்பி வந்ததும் ஆளுக்கொரு லயத்துக் காம்பராவில் (அறையில்) தனித்தனியாக உட்கார வைத்துவிட்டோம்.

கட்டுநாயக்காவிலிருந்து தீபாவளிக்கு வரும்போது நாங்கள் கண்டி வழியாக வருவோம். அந்த வீதியைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது. பஸ்யாலையைத் தாண்டியதும் கஜுகம வரும். கஜுவாலேயே (முந்திரியாலேயே) பெயர் பெற்ற ஊர் அது. வீதி ஓரத்தில் பெண்கள் வரிசையாக நின்று கஜு விற்பார்கள். பிறகு ரதாவடுன்னையில் பிரம்புக் கதிரைகள். கேகாலைப் பக்கம் மொலகொடையில் மண்சட்டிகள் அடுக்கடுக்காக இருக்கும். கண்டியை நெருங்கும்போது பிலிமத்தலாவையில் பித்தளை விளக்குகள். ஒரே சாமானை விற்கிறவர்கள் ஏன் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர் கடை போடுகிறார்கள், ஒருவர் வியாபாரத்தை மற்றவர் கெடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், பலர் அங்கே இருப்பதால்தான் வாகனமே நிற்கிறது. பித்தளை வார்க்கிறவர் இருக்கும் இடத்துக்கு மெருகு போடுகிறவர் வருகிறார், பழைய பித்தளை சேர்த்துக் கொடுக்கிறவர் வருகிறார், கொழும்பிலிருந்து மொத்தமாக வாங்குகிறவர் வருகிறார். பிள்ளைகள் விளையாட்டாகவே தொழிலைப் பார்த்து வளர்கிறார்கள். படித்தவர்கள் இதைத் தொழிற் கொத்தணி என்கிறார்கள். 'கொத்தணி' என்ற சொல்லை நாங்கள் 2020ல் கொரோனாச் செய்திகளில் மினுவாங்கொடைக் கொத்தணி, பேலியகொடைக் கொத்தணி என்று பயத்தோடு கேட்டோம். அதற்கு இப்படியும் ஒரு நல்ல பொருள் இருக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்டி வீதியில் இருப்பது எங்கள் மலையில் ஏன் இல்லை? ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்துக்கு முன்பே, கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் எங்கள் ஆட்கள். வந்தவர்களில் தச்சும் நெசவும் தெரிந்தவர்கள் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்களா? இங்கே வந்ததும் எல்லோரும் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஒரு பேராகிவிட்டார்கள். கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்துத் 'துண்டு' என்ற சீட்டு வாங்காமல் வேறு தோட்டத்துக்குக்கூடப் போக முடியாது என்ற நிலை 1921 வரை இருந்தது. தோட்டம் என்பது ஒரே கேட்டுக்குள் அடங்கிய உலகம். லயம், புள்ளைமடுவம், டிஸ்பென்சரி எல்லாம் அதற்குள்ளேயே. பொருளும் சேவையும் தோட்டத்துக்கு மேலிருந்து வரும், கொழுந்து கீழே போகும். பக்கத்துத் தோட்டத்தோடுகூடக் கொடுக்கல் வாங்கல் இல்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தடை 2018ல்தான் திருத்தப்பட்டது. தவிசாளர்களே, அதனால்தான் உங்களையும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். இப்போது உங்களால் எங்கள் டிவிஷன் வரை வர முடியும்.

தேயிலை மண்ணில் இது முடியாது என்று யாராவது சொன்னால், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கார்மென்டில் என் பக்கத்து மெஷினில் இருந்தவள் தெற்கே தெனியாயைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. ஒரு சித்திரைப் புத்தாண்டுக்கு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவள் அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருந்தது. காலையில் அம்மாவும் அப்பாவுமாகப் பறித்தார்கள். பின்னேரம் லொறி வீதிக்கு வந்து நிறுத்து எடுத்துப் போனது. அந்த லொறி பிடிக்கவில்லை என்றால் வேறு ஸ்டோரின் லொறிக்குக் கொடுக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் அசந்துபோனேன். எங்கள் அப்பா ஒரு நாளும் கொழுந்தை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்ததில்லை. அங்கே கொழுந்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று உரம் கடனாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் தவறணை (நாற்றுமேடை) போட்டுக் கன்று விற்றார். கவ்வாத்து வெட்ட (தேயிலைச் செடியைக் கத்தரிக்க) கூலிக்குப் போகும் இரண்டு பொடியன்கள், கொழுந்து லொறி ஓட்டும் ஒரு மாமா, மருந்து தெளிக்கும் மெஷின் வாடகைக்கு விடும் ஒருவர், சந்தியில் ஒரு வங்கி. முக்கால் ஏக்கரைச் சுற்றி எத்தனை தொழில்!

அந்த ஏற்பாடு தானாக முளைக்கவில்லை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேயிலைச் சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையை அரசு அமைத்தது. தேயிலை விற்ற சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 சதவீதம் தொழிற்சாலைக்கும் என்று ஒரு சூத்திரத்தை வைத்து, அதன்படி விலை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தச் சூத்திரம் முழுமையாக நியாயமானதா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. ஆனாலும் இன்று இந்த நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்தச் சிறு உடைமையாளர்களிடமிருந்துதான் வருகிறது. அதே செடி. அதே கவ்வாத்துக் கத்தி. என் அப்பா முப்பத்திரண்டு வருடம் கவ்வாத்து வெட்டினார். எந்த மலையில் எந்தக் கன்று பிடிக்கும் என்று மண்ணை நசுக்கிப் பார்த்துச் சொல்வார். சொந்தமாக ஒரு தவறணை போட அவருக்கு நாலு அடி மண் இருந்ததில்லை. தோழியின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே வயது. இதை நினைத்து அன்று இரவு அவர்கள் வீட்டில் படுத்திருந்து அழுதேன். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. எங்களுக்கும் அது வேண்டும் என்ற ஆசைதான்.

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவில் நீலகிரிக்குப் போன பெரியப்பா குடும்பம் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறது. இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968ல் தமிழ்நாடு அரசு அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது, டான்டீ என்பார்கள். பெரியப்பா அதில்தான் வேலை செய்தார். அவர் மகள், என் அக்கா, பின்னாளில் ஒரு ஏக்கர் வாங்கித் தேயிலை போட்டு, கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொழுந்து கொடுக்கிறாள். அங்கே இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் 16 தொழிற்சாலைகள் இருக்கின்றன. அக்காவிடம் போனில் பேசினால் கொழுந்து விலை போதவில்லை என்றுதான் எப்போதும் சொல்வாள், விலைக்காக அங்கே போராட்டமும் நடக்கிறது. ஆகவே கூட்டுறவு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அக்கா அந்தத் தொழிற்சாலையில் உறுப்பினர், கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்கிறாள்.

நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதற்கு வருகிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தேயிலை ஸ்டோர் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. கொழுந்தை வேறு தோட்டத்து ஸ்டோருக்கு லொறியில் கொண்டுபோகிறார்கள். இப்படி மூடிய ஸ்டோர்கள் மலையகத்தில் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. பழைய ஸ்டோரின் மேல்மாடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டிய நீண்ட மாடி, இரண்டு பக்கமும் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல், காற்றும் வெளிச்சமும் தாராளம். தையலுக்கு இதைவிட நல்ல இடம் புதிதாகக் கட்டினாலும் கிடைக்காது. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் ஸ்டோரை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள், வெளிநாட்டவர் வந்து தங்குகிறார்கள். உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்த கதவை எங்கள் பெண்களுக்காகவும் திறக்கலாமே. 1972லும் 1975லும் அரசு தோட்டங்களைப் பொறுப்பேற்றது, 1992ல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகளுக்கு இருப்பது 2045 வரையான குத்தகை, மண் இன்றும் அரசுடையதுதான். அமைச்சர் ஐயா, அந்தக் கட்டடத்தை நீங்கள் கேட்டால் ஒரு வழி பிறக்கும். நாங்கள் கேட்டால் ஒபிஸ் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒரு காரியம் மட்டும் முதலில் நடக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் வந்தபோது மலை சரிந்து எங்கள் சனம் எவ்வளவு பேர் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து அந்த இடம் பத்திரமானது என்று எழுதிக் கொடுத்த பிறகே ஒரு மெஷினையாவது உள்ளே வைக்க வேண்டும்.

அந்த மாடியில் எங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்: இருபது மெஷின் ஓட மூன்று கட்ட (த்ரீ-பேஸ்) மின்சாரம், இரண்டு ஓவர்லொக், ஒரு பொத்தான்துளை மெஷின், வெட்டுமேசை, கழிவறை, பிள்ளைகள் இருக்க ஒரு பக்கம். பிள்ளைகளுக்கான இடத்தைக் கடைசியில் எழுதினேன் என்பதற்காக அதை முதலில் வெட்டிவிடாதீர்கள். பின்னேரம் புள்ளைமடுவம் மூடிய பிறகு பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் எத்தனையோ பெண்களுடைய தொழில் நின்றுபோனது. ஓடாமல் மூலையில் இருக்கும் எங்கள் பழைய மெஷின்களையும் அங்கே கொண்டுவருவோம். காசை இனாமாகத் தர வேண்டாம். சங்கத்தின் பெயரில் கடனாகத் தாருங்கள், கட்டி முடிப்போம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடனை அதிக வட்டியோடு கட்டி முடித்த பெண்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள்.

கடனைவிட எங்களுக்குத் தேவை ஓடர். தோட்டக் கம்பனிகள் ஒவ்வொரு வருடமும் வாங்கும் சாமான்களை எண்ணிப் பாருங்கள். கொழுந்துப் பை, இடுப்பில் கட்டும் படங்கு, மழைத் தறப்பாள், மருந்து தெளிக்கிறவர்களுக்கு மேலங்கி, புள்ளைமடுவத்துக்குப் படுக்கைவிரிப்பு. நாங்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு மலையேறும் படங்கை எங்கோ ஒரு ஊரில் தைத்து இங்கே கொண்டுவருகிறார்கள். அது எங்கே கிழியும், எங்கே இரட்டைத் தையல் போட வேண்டும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? முதல் இரண்டு வருடத்துக்கு அந்த ஓடரில் ஒரு பங்கை இந்த ஸ்டோருக்குத் தரும்படி கம்பனிகளோடு நீங்கள் பேச வேண்டும். ஆஸ்பத்திரி விரிப்புகள், சீருடைத் தையல் இவற்றிலும் ஒரு பங்கு வேண்டும். எங்கள் தையல் மட்டமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், மறுபடி தைத்துத் தருவோம். இரண்டு வருடத்துக்குப் பிறகும் சலுகையை நம்பியே நின்றோமானால் அது எங்கள் குறை.

ஒரு தொழில் வேரூன்றினால் அடுத்தது தானாக வரும். 1923ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்தார்கள். மழை பொய்க்கும் வறண்ட ஊர் அது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர் வந்தது. பட்டாசும் வந்தது. அங்கே குழந்தைகளை வேலைக்கு வைத்த கதையும், வெடிவிபத்தில் போன உயிர்களும் எனக்குத் தெரியும், அந்த வழியை நாங்கள் கேட்கவில்லை. திருப்பூரிலும் அப்படித்தான். பின்னுகிறவர், சாயம் போடுகிறவர், அச்சடிக்கிறவர், தைக்கிறவர் என்று ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் சேர்ந்து ஒரு ஊரை உலகத்துக்குப் பனியன் கொடுக்க வைத்தன. ஆனால் நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டுப்போய், 2011ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகளை மூட வேண்டி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஓடும் கெஹெல்கமு ஓயாதான் மஸ்கெலியா ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. கொழும்பு குடிக்கிற தண்ணீர் அது. ஆகவே சாயப்பட்டறை வேண்டவே வேண்டாம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். வெட்டுவதும் தைப்பதும் போதும்.

பெயர் இல்லாமல் தொழில் நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் என் தையலை ஒரு வியாபாரமாகப் பதியப் போனேன். கிராம சேவகரின் கையொப்பம் கிடைத்தது. அடுத்து, வியாபாரம் நடக்கும் இடத்தின் உறுதியோ (உரிமைப் பத்திரமோ) வாடகை ஒப்பந்தமோ கேட்டார்கள். லயத்துக் காம்பராவுக்கு உறுதி ஏது? அப்படியானால் தோட்டத்திலிருந்து சம்மதக் கடிதம் கொண்டுவா என்றார்கள். தோட்ட ஒபிசுக்கு நான்கு முறை போனேன், அரைநாள் பேர் நான்கு முறை போனது. மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். இன்றுவரை கடிதம் வரவில்லை. பதிவு இல்லாததால் வங்கிக் கணக்கு வியாபாரப் பெயரில் இல்லை. அதனால் டவுனில் ஒரு பாலர் பாடசாலை நூறு பைக்குக் கேட்டபோது பில் கொடுக்க முடியாமல் அந்த ஓடரும் போனது. தபால்கூட எங்கள் காம்பராவுக்கு நேராக வராது, ஒபிஸ் வழியாகத்தான் வரும். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கும் எல்லோருக்கும் கையில் உறுதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். லயத்தில் இருப்பவர் சின்ன வியாபாரம் பதிய, தோட்டத்தின் தயவு இல்லாமல் கிராம சேவகரின் வதிவிடச் சான்றே போதும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். செலவே இல்லாத உதவி அது.

நான் தையலைப் பற்றி எழுதுவது எனக்கு அது தெரியும் என்பதால்தான். எல்லாப் பள்ளத்தாக்கிலும் தையலைத் திணிக்க வேண்டாம். ராகலைப் பக்கம் கரட்டும் லீக்ஸும் போடுகிறவர்களுக்குக் கழுவித் தரம் பிரிக்க ஒரு கூடம் வேண்டும். பேலியகொடை மெனிங் சந்தையில் விலை விழுந்த நாளில் இரண்டு நாள் பிடித்து வைக்க ஒரு குளிரறை வேண்டும். மாடு வளர்க்கிறவர்களுக்குப் பின்னேரப் பாலைக் கெடாமல் வைக்கும் தொட்டி வேண்டும். மாத்தளையில் மிளகும் கராம்பும். ஹப்புத்தளையில் பிரயாணிகளுக்கு அறை விடுகிறவர்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏற்கெனவே கை பழகிய வேலை எது என்று அந்த ஊர்ப் பெண்களிடமும் பொடியன்களிடமும் கேட்டு அதை வளர்த்துவிடுங்கள்.

தொழிற்சங்கத்திலிருந்து நாடாளுமன்றம் போன அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. சம்பளப் போராட்டத்தில் என் அம்மா வீதியில் உட்கார்ந்து கத்தியவர். 2021ல் வந்த 1000 ரூபாயும் 2024ல் வந்த 1350 ரூபாயும் போராடி எடுத்தவைதான். அதை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன், இனியும் போராட வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேசையில் சம்பளத்தை மட்டும் வைத்துவிட்டு எழும்பி வருகிறீர்களே என்று மனம் கேட்கிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அந்தத் தாளில் மூடிய ஸ்டோர்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் பொடியன்கள் ஓ.எல். எழுதிய மறுமாதமே கொழும்பில் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போய்விடுகிறார்கள். லயத்தில் கிழவர்களும் பிள்ளைகளும்தான் மிச்சம். போனவர்கள் தொழில் கற்றிருக்கிறார்கள். திரும்பி வந்து அதைச் செய்ய ஒரு கூரை இங்கே இல்லை.

எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. ஸ்டோர் திறந்தால் அது எந்தச் சங்கத்துடையது, எந்தக் கட்சிக்காரர் தலைவர் என்று முதல் கூட்டத்திலேயே சண்டை வரும். நான்கு பேர் கையில் அது போய்விட்டால் இன்னும் பத்து வருடத்துக்கு யாரும் எதையும் நம்பமாட்டார்கள். தைக்கிற பெண்கள் தாங்களே தங்களுக்குள் தலைவியைத் தெரிவு செய்ய வேண்டும். வரவு செலவை மாதாமாதம் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். எந்தக் கட்சிக் கொடியும் உள்ளே வரக் கூடாது. இதைச் சட்டமாகவே எழுதித் தாருங்கள், நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

நேரில் வந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, மேடையும் மாலையும் வேண்டாம். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்தால் நல்லது. அதற்குள் கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்திருப்போம். 14 வீட்டையும் நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். மழை இல்லாவிட்டால் ஸ்டோர் வரை நடந்து போகலாம், பத்து நிமிடம்தான். சாவி காவல்காரத் தாத்தாவிடம் இருக்கிறது. மாடிப்படி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, போன கிழமை ஏறிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் ஐந்து கண்ணாடி உடைந்திருக்கிறது, மற்ற எல்லா ஜன்னலும் திறக்கிறது.

இப்படிக்கு,
மேல் டிவிஷன் தையல்காரி,
பொகவந்தலாவை.